மரகதம் என்ற கவர்

அந்தப் பத்திரிகை அலுவலகத்தின் படக்கிடங்கில் பதினொரு வருடமாக வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் கவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள். படங்களைக் கவரில் போடுவதும் கவரிலிருந்து எடுப்பதும் அவள் வேலை. ஜன்னலில்லாத அறை, ஆறு இரும்பு பீரோ, ஒரு ஸ்டூல், சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அந்தப் பொந்து வழியாகத்தான் உலகம் அவளிடம் பேசியது. அதுவும் ஒரே ஒரு சொல். வேண்டிய படத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் அவளுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

ஒரு பெயருக்கு ஒரு கவர். பத்திரிகையைத் தொடங்கியவர் வகுத்துவிட்டுப் போன விதி அது. ஆளா, மலையா, மாடா என்று பிரித்துக்கொண்டிருப்பது நேர விரயம் என்பது அவர் கட்சி. அதனால் ‘மரகதம்’ என்று எழுதிய கவரில் ஒரு மலை இருந்தது. ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகு ஒன்று இருந்தது. ஒரு குளியல் சோப்பும், கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய ஒரு பசுவும், பாதி இடிந்த ஒரு தியேட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய கவர் அக்காவின் படம். அவள் பெயரும் மரகதம்தான். விதி என்றால் விதி.

இன்னொரு விதியும் உண்டு. படத்தின் முகத்தில் விரல் படக்கூடாது. கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும், கவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும். பின்புறம் பெயர் எழுதியிருக்கும். அது போதும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது கடலில் ஒரு புயல் கிளம்பியது. பட்டியலில் அடுத்து நின்ற பெயரை அதற்கு வைத்தார்கள்: மரகதம். அன்றைக்கே ஓய்வுபெற்ற ஒரு தலைமை நர்ஸ் காலமானார். அவர் பெயரும் அதுவே. அவருடைய மகள் வந்து, வீட்டில் இருந்த ஒரே படத்தை இரங்கல் செய்திக்காகக் கொடுத்துவிட்டுப் போனாள். கவர் அக்கா அந்தப் படத்தையும் புயலின் மேகப்படத்தையும் கவரில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ படகுப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, தங்களால் ஆன உதவியாக, கவருக்குள் எல்லாவற்றுக்கும் மேலாகச் செருகிவிட்டுப் போனார்கள்.

மாலையில் பொந்துக்குள் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நுழைந்தன. “மரகதம்” என்றது ஒன்று. “மரகதம்” என்றது இன்னொன்று. அவள் மேலே இருந்த இரண்டை எடுத்துக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் பத்திரிகையில், ‘நாற்பதாண்டுகள் அயராது சேவை செய்தவர் காலமானார்’ என்ற செய்திக்கு மேலே படகு மிதந்தது. முதல் பக்கத்தில், ‘கரையை நெருங்குகிறது மரகதம்: மக்கள் உடனே வெளியேற எச்சரிக்கை’ என்பதற்குக் கீழே தலைமை நர்ஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘விளக்கை யாரு அணைக்காம விட்டது?’ என்று கேட்கிற பார்வை.

செய்தி ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திவைத்தார். இரங்கல் பக்கம் போடுபவர் துளிகூட அசரவில்லை.

“பின்னாடி பேரு சரியா இருந்துச்சு சார். முன்னாடி பாக்குறது என் வேலை இல்லையே.”

“படகு செத்துப்போகுமாய்யா?”

“நாற்பது வருஷ சேவைன்னு எழுதியிருந்துச்சு. பொருத்தமாத்தான் சார் இருந்துச்சு.”

செய்தி ஆசிரியர் கவர் அக்கா பக்கம் திரும்பினார். அவள் தன் செருப்பைப் பார்த்தாள். “நாளைக்குத் திருத்தம் வருது. அதுல மறுபடியும் படம் மாறினா, மாத்தினவங்க வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கடிதம் டைப் அடிச்சு வச்சுட்டேன். பேரு மட்டும்தான் நிரப்பணும்” என்றார். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேறு எந்த அலுவலகத்தில் பொந்து வழியாக வேலை தருவார்கள்?

பதினொரு மணிக்குப் படகோட்டி வந்தார்.

“என் படகு உயிரோடதாங்க இருக்கு! காலையிலேருந்து ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க. பூவை வச்சுட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, பாலம் வழியா சுத்திப் போறாங்க. ஒரு ஆளு என் தோளைத் தட்டி, ‘மனசைத் தேத்திக்குங்க அண்ணே’ன்னு சொல்லிட்டுப் போறாரு!”

புயல் மதியம் கரையைக் கடந்தது. எந்த எச்சரிக்கைக்கும் நகராத கடற்கரைத் தெருக்காரர்கள் அன்று காலை பத்திரிகை வந்த கையோடு மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். ஓடுகள் பறந்தன, மரங்கள் விழுந்தன, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்ட நிருபரிடம், “அந்தம்மா பாத்த பார்வையில யாருக்குங்க வீட்ல உக்காரத் தோணும்?” என்றார்களாம்.

சாயங்காலம் பொந்துக்குள் ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை.

“அம்மா படத்தைக் குடுங்க.”

கவர் அக்கா குனிந்து பார்த்தாள். இறந்தவரின் மகள். திட்டப் போகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்னால் போனாள்.

“பயப்படாதீங்க அக்கா, திட்ட வரல. படகைப் பாத்துட்டு எங்க பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நல்லாத்தான் விழுந்திருக்கு, அந்த இடுப்பும் அகலமும் அப்படியே இருக்கு’ன்னாங்க. புயல்ல போட்டதுலயும் தப்பு இல்ல. சின்ன வயசுல அவங்க வர்ற சத்தம் கேட்டா நாங்களும் ஓடித்தான் ஒளிவோம்.” சிரித்துக்கொண்டே வந்தவளின் குரல் சட்டென்று உடைந்தது. “ஆனா வீட்ல அந்தப் படம் இல்லாம சுவரு வெறிச்சுனு இருக்கு. அது ஒண்ணுதான் இருக்கு.”

“நாளைக்குத் திருத்தம் வரணுங்க. ஒரு நாள் மட்டும்...”

“ஒரு நாளைக்குன்னு நேத்து குடுத்தேன். நீங்க புயலாக்கிட்டீங்க. இன்னிக்குக் குடுத்தா எந்த மலை ஆக்குவீங்களோ!”

பிரதி எடுக்கலாமென்றால் புகைப்படக்காரர் விழுந்த மரங்களை எடுக்கப் போயிருந்தார். கவர் அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நர்ஸின் படத்தை எடுத்துக் கவிழ்த்துக் கொடுத்தாள். திருத்தத்துக்குப் படம் வேண்டாம், எழுத்து போதும் என்று செய்தி ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அவர் அறை வாசல்வரை மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் சொல்லாமலே திரும்பினாள். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கவரின் மேல் குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில், இனி யாரையும் நம்பி ஆகாது என்று செய்தி ஆசிரியரே கிடங்குக்கு வந்தார். குத்தியிருந்த சீட்டு இடைஞ்சலாக இருந்ததால் கிழித்துப் போட்டார். பின்புறத்தைப் பார்த்து ஏமாற அவர் என்ன முட்டாளா? கவரை மேஜைமேல் கொட்டி எல்லாவற்றையும் நிமிர்த்தினார். மலை, மேகம், படகு, சோப்பு, பசு, தியேட்டர். ஒரே ஒரு பெண். ஒன்றே ஒன்று இருக்கும்போது முகத்தை வேறு எதற்கு ஒப்பிடுவது?

காலையில் கவர் அக்காவின் அண்ணன் பத்திரிகையை விரித்தவன் தங்கையை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏம்மா, நீ காலமாயிட்டியாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

‘காலமானவர் படகு அல்ல, வருந்துகிறோம். சரியான படம் இதோ’ என்பதற்குக் கீழே, பதினொரு வருடத்துக்கு முந்தைய முகத்தோடு அவள் தலை குனிந்து நின்றாள்.

இருந்தாலும் நேரத்துக்கு வேலைக்குப் போனாள். வாசல் காவலாளி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். இரங்கல் பக்கம் போடுபவர், “நல்லவங்க போய்ச் சேர்ந்துடறாங்க” என்று அவளிடமே சொன்னார். அவள் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டைப் அடித்த கடிதத்துக்காகக் காத்திருந்தாள்.

பத்து மணிக்குப் பொந்துக்குள் ஒரு கை வந்தது. கைக்கடிகாரம் செய்தி ஆசிரியருடையது. கடிதம் எதுவும் இல்லை. அதில் எழுத இப்போது அவருடைய பெயர்தான் இருந்தது, அதை எழுத அவருக்கு மனம் வரவில்லை.

“திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போடணும்” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “மரகதம்.”

கவர் அக்கா கவரைத் திறந்தாள். கை வழக்கம்போல மேலே இருந்ததைத் தொட்டது. அங்கேயே நின்றது. இத்தனை வருடத்தில் அந்தப் பொந்து வழியாக ஒருவரும் கேட்காத ஒன்று அவள் வாயில் வந்து நின்றது.

“எந்த மரகதம் சார்?”

நீட்டியிருந்த கை பாதி பின்வாங்கி மறுபடியும் நீண்டது.

“உயிரோட இருக்கறது” என்றார் மெல்ல.

“படகா, நானா?”

“ரெண்டு பேரும்தான்மா.”

அவள் இரண்டு படங்களையும் எடுத்து, நிமிர்த்தி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். கை உடனே போகவில்லை. சரிபார்த்துக்கொள்ளக் குனிந்த முகம் ஒன்று முதன்முறையாகப் பொந்தில் தெரிந்தது. அது படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடியும் படத்தைப் பார்த்தது.

“நீங்கதானே?”

“ஆமா சார். மேல இருக்கறதுதான் படகு.”