ஊதா ரோல்

தஞ்சாவூர் ரயிலடிப் பக்கத்து ஓட்டல் ஒன்றின் ஏ.சி. கூடத்தில், இந்தியர்கள் போதுமான அளவுக்குப் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை என்று பஞ்சநதம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் நாய்க்குட்டிக்குக்கூட ஆல்பம் இருக்கிறதாம். நம் ஊரில் கல்யாணத்துக்கு ஒரு படம், காரியத்துக்கு ஒரு படம், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் நூறு கோடி முகங்களும் தங்கள் கம்பெனியின் ஊதா டப்பா பிலிமுக்காகத்தான் காத்திருக்கின்றன என்று சொல்லித் திரையில் ஒரு கோட்டை ஏற்றிக் காட்டினார். கோடு திரையைத் தாண்டி மின்விசிறி வரைக்கும் போகும்போலிருந்தது.

2003 ஆடி மாதம். இரண்டாவது வருஷமாக ஆற்றில் தண்ணீர் இல்லை, குறுவை இல்லை. அறுவடை இல்லாத ஊரில் யார் கல்யாணம் வைத்து, யார் படம் எடுப்பார்கள் என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சபரிநாதனுக்குத் தெரியும். ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

கம்பெனியின் வெளிநாட்டுப் பெயர் யார் வாயிலும் நுழையாததால், அதன் பிலிம் ரோலை டெல்டா முழுக்க ஊதா ரோல் என்றே கேட்டு வாங்கினார்கள். அதை விற்கும் பிரதிநிதியாகப் பதினோரு வருஷமாகக் கும்பகோணத்துக்கும் கடலுக்கும் நடுவே பஸ்ஸில் அலைகிறவன் சபரிநாதன். அதற்கு முன்பெல்லாம் கலர் ரோல் துபாயிலிருந்து வரும் பெட்டிகளில், அத்தர் பாட்டிலுக்கும் கோடாலித் தைலத்துக்கும் இடையில்தான் வரும். இறக்குமதிக் கதவு திறந்ததும் கம்பெனிகள் வந்து இறங்கின. கறுப்பு வெள்ளை செத்துவிட்டது என்று ஒவ்வொரு ஸ்டூடியோவாக ஏறிச் சொன்னவன் அவன்தான். அந்தச் செய்தியை அவன் துக்கமாகச் சொல்லவில்லை. இனிப்பு கொடுக்கிறவன் மாதிரிச் சொன்னான். அந்த நாளைய தன் முகத்தை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

பஞ்சநதம் மண்டல மேலாளர். நான்கு வருஷத்துக்கு முன்னால் எதிர்க் கம்பெனியான சிவப்பு டப்பாவில் இருந்தவர். ஊதாவில் போட்ட படம் ஐந்து வருஷத்தில் வெளிறிவிடும் என்று அப்போது இதே கூடத்தில், இதே குரலில் பேசினார். இப்போது டை மட்டும் ஊதாவாகியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சபரிநாதனை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"குத்தாலம் பாய் என்னய்யா ஆனார்? வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வந்தாகணும்."

குத்தாலம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அப்துல் மஜீதுக்கு ஒரு மினி லேப் மிஷினைத் தள்ளிவிட வேண்டும். ஒரு பக்கம் ரோலைப் போட்டால் மறுபக்கம் பிரிண்டாக வரும் மிஷின். விலைக்கு ஒரு வீடு கட்டலாம்.

"ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டார் சார். பார்ட்ஸ் கேக்கறார். பத்து வருஷத்துக்கு கிடைக்குமான்னு."

"கிடைக்கும்னு சொல்லு."

"கிடைக்குமா சார்?"

பஞ்சநதம் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "அதைச் செய்யற ஃபாக்டரியவே சித்திரையில மூடிட்டாங்கப்பா. இது கடைசி லாட். ரெண்டு வருஷம் தாங்கினா அவர் அதிர்ஷ்டம். அதுக்கப்புறம் நாம யாரோ, அவர் யாரோ."

சொல்லிவிட்டு, சோப்புக்கட்டி அளவு டிஜிட்டல் கேமரா ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றமாம். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததாம். பொத்தானை அமுக்க அமுக்க அந்தப் பெண் கேமராவின் குட்டித் திரையில் கையை மாற்றி மாற்றி நின்றாள்.

"ரோல் போடலையா சார்?"

"வீட்டு விசேஷத்துக்கு யாருய்யா ரோல் போடுவா?"

பேசாமல் இருப்பவன் சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வது அதிகாரிகளுக்கு வசதி. பஞ்சநதம் அவன் தோளைத் தட்டிவிட்டு ஐஸ்கிரீம் இருக்கிற பக்கம் போனார்.

வியாழக்கிழமை காலை குத்தாலத்தில் இறங்கியபோது மிஷினுக்கான ஊதா விண்ணப்பப் படிவம் பையில் இருந்தது. அதை வெளியே எடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தான். நல்லெண்ணம் என்று அதைச் சொல்ல முடியாது. பஞ்சநதத்தை நினைக்க நினைக்க வாயில் ஊறிய கசப்பை எங்காவது துப்ப வேண்டியிருந்தது.

மஜீது பாய் ஸ்டூடியோவுக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் போட்ட அறையைத் திறந்து காட்டினார். ஏ.சி. மாட்டி, மும்முனை மின்சாரம் இழுத்திருந்தார். நடுவில் மிஷின் நிற்க வேண்டிய இடத்தில் அவர் மனைவி மெஹராஜ் பேகம் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹம்தானுக்கு இருபதாம் தேதி ரிட்டர்ன் டிக்கெட்டு" என்றார் மஜீது. "மிஷின் வந்தா அதைக் கிழிச்சுப் போட்டுரலாம். ஆறு வருஷமா ஷார்ஜா கோல்ட் ஸ்டோரேஜ்ல கோழிப் பெட்டி தூக்கிட்டான். விரல் நகத்தப் பாத்தீங்களா? நீலம் பாரிச்சுப் போயிருக்கு."

மகன் ஹம்தான் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டான்.

"வாங்காதீங்க பாய்" என்றான் சபரிநாதன்.

மஜீது ஏ.சி.யை நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?"

"வேணாம். ரோலே இன்னும் கொஞ்ச நாள்தான். எல்லாம் டிஜிட்டலாகப் போகுது. மிஷினுக்கு பார்ட்ஸும் வராது."

மஜீது நெற்றியைச் சுருக்கினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "போன மாசம் இதே நாற்காலியில உட்காந்து, டிஜிட்டல்ங்கிறது பொட்டப்புள்ளைங்க செப்பு வச்சுச் சோறாக்கற மாதிரின்னு சொன்னது யாரு? உங்க தம்பியா?"

"நான்தான்."

"தொண்ணூத்தி மூணுல, கறுப்பு வெள்ளை எடுத்துக்கிட்டிருந்த அய்யாவு ஸ்டூடியோவுல ஏறி, இனிமே டார்க் ரூம்ல உருளைக்கிழங்கு கொட்டி வைங்கன்னு சொன்னது?"

"நான்தான் பாய்."

"இப்ப வேணாம்னு சொல்றதுக்கு சிவப்புக்காரன் என்ன குடுத்தான்?"

சபரிநாதனுக்கு முகம் சுட்டது. "யாரும் ஒண்ணும் குடுக்கல."

"சும்மாவா ஒருத்தன் சொந்தக் கம்பெனிச் சரக்கை வேணாம்பான்? நீங்க அந்தப் பக்கம் தாவப் போறீங்க. போறதுக்கு முன்னாடி ஊதாக்காரன் கணக்குல ஒரு மிஷின் ஏறக்கூடாதுன்னு பாக்கறீங்க. இந்த வித்தையெல்லாம் நானும் பாத்தவன்தான்."

மெஹராஜ் பேகம் சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். "ஏங்க, எம்புள்ளை திரும்பப் போயி ஐஸ்ல நிக்கணுமா? அதான் உங்களுக்கு ஆசையா?"

பதினோரு வருஷப் பொய்க்கு இந்த வீட்டில் டீயும் சமோசாவும் கிடைத்தன. ஒரே ஒரு உண்மைக்கு உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. அவர்கள் மேல் கோபப்படவும் அவனால் முடியவில்லை. தன்னை நம்பாத அளவுக்காவது இவர்களுக்குப் புத்தி வந்ததே என்று இகழ்ச்சியாக நினைத்துக்கொண்டு படியிறங்கினான். அந்த இகழ்ச்சி யார் மேல் என்பதுதான் பிடிபடவில்லை.

கடையிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் ஹம்தான் பின்னால் வந்து சேர்ந்தான்.

"அண்ணே. நீங்க சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும்."

சபரிநாதன் நின்றான்.

"அங்க ரூம்ல நாங்க எட்டு பேரு. அஞ்சு பேருட்ட டிஜிட்டல் இருக்கு. பெருநாளைக்கு எடுத்தது, அன்னிக்கே ஊருக்கு மெயில்ல போயிருது. ரோலு யாரு வாங்கறா?"

"பின்ன உங்க அத்தாட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா டிக்கெட்ட கிழிக்க மாட்டாரே." ஹம்தான் குரலைத் தணித்தான். "என் பொண்ணு அஃப்ரீனுக்கு நாலு வயசு. நான் வந்து எட்டு நாள் மாமான்னு கூப்பிட்டா. நேத்துதான் 'அத்தா'ன்னு கூப்பிட்டா. மிஷின் எத்தனை வருஷம் ஓடும்ணே? நாலு?"

"ஓடாது. எங்க மிஷின் ரெண்டு வருஷம். அதுவும் நின்னா நின்னதுதான்."

"சிவப்பு?"

சபரிநாதன் கடைத்தெருவைப் பார்த்தான். இந்தக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு குழந்தை வாயில் அத்தா என்ற சொல் பதியும் அளவு காலத்தை வாங்கப் போகிறது. பஞ்சநதத்தின் கோட்டில் இது எந்தப் புள்ளியாக ஏறுமோ. முட்டாள்தனம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கோழிப் பெட்டி தூக்காதவன் சொல்லுகிற வார்த்தை அது என்று தோன்றியதும் விழுங்கிக்கொண்டான்.

"சிவப்புக்கு சாமான் இன்னும் கிடைக்குது" என்றான் கடைசியில். "நாலு வருஷம் ஓட்டலாம். அவசரப்பட்டு புதுசு வாங்காதே. திருச்சியில ஒருத்தன் லேபை மூடறான், பாதி விலைக்கு வரும். மிச்சத்தைக் கையில வச்சுக்க. ரெண்டாம் வருஷமே டிஜிட்டலுக்குப் படி."

"நம்பர் இருக்காண்ணே?"

சபரிநாதன் பையைத் திறந்தான். எழுதக் காகிதம் வேறு இல்லை. ஊதா விண்ணப்பப் படிவத்தைத் திருப்பி, முழங்கால் மேல் வைத்து, சிவப்புக் கம்பெனி ஏஜெண்டு சேக் தாவூதின் பெயரையும் நம்பரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தான்.

நிமிர்ந்தபோது ஸ்டூடியோ வாசலில் மஜீது பாய் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மனைவியிடம் ஏதோ சொன்னார். மெஹராஜ் பேகம் சபரிநாதனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். மஜீது மட்டும் போகவில்லை. இவன் சிவப்புக்குத் தாவிவிட்டான் என்று தான் நினைத்தது சரியாகிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. கும்பகோணம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.