யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்

ஆஸ்பத்திரி லாண்டரியில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் நான். "நின்னுக்கிட்டே வேலை பாக்குற, அது பத்தாதா, ஜிம் வேறயா?" என்று கேட்காத ஆள் கிடையாது. இடுப்புக்கு வலு ஏற்றாவிட்டால் குனியவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால்தான் சேர்ந்தேன். போகப் போக இடுப்பு வெறும் சாக்கு என்று ஆகிவிட்டது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. போனை லாக்கரில் போட்டுப் பூட்டிவிடுவேன். பயிற்சி தரும் பெண் "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. போன உயிர் திரும்பி வரும்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதுதான் தலைவலியே. ஒரு சாயங்காலம் போனில் ஏதோ வீடியோவை ஓடவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாரு, எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணலாமாம். நீ ஏன் அலையுற?"

கையோடு, தரையில் விரித்துப் பயிற்சி செய்ய ஒரு பச்சை யோகா மேட்டும் வாங்கி வந்திருந்தார். ஆசையாக வாங்கி வந்தவரிடம் எப்படி வேண்டாம் என்பது? ஜிம்மை நிறுத்தினேன்.

மறுநாள் ஹாலில் மேட்டை விரித்து, முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்தினேன். கண்ணுக்கு நேரே சோபாவின் அடிப்பக்கம். அடேயப்பா, எவ்வளவு தூசி! நடுவில் சின்னவளின் ஒற்றை சாக்ஸ், ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு. அதற்கு மேல் உடற்பயிற்சியில் மனம் நிற்குமா? எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தேன். அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டே செய்தேன். சின்னவள் முதுகில் ஏறி உட்கார்ந்தாள். பெரியவன் வீட்டுப்பாடத்தை என் மூக்குக்குக் கீழே தள்ளினான். "சும்மாதானே படுத்திருக்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்தேன்மா" என்றார் அத்தை. தரையில் கிடக்கிறவளைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

ஒரு வாரத்துக்குள் துவண்டுபோனேன். வலி திரும்பியதுகூடப் பரவாயில்லை, எடுத்ததற்கெல்லாம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டிலேயே குப்புறக் கிடந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார். "என்னாச்சு? எங்கயாவது பிடிச்சுக்கிச்சா?"

"வீட்டுல முடியலங்க. நான் ஜிம்முக்கே போறேன்."

"ஏன் முடியல?"

அத்தை கதவோரம் வந்து நின்றார். பிள்ளைகள் இரண்டும் என் காலடியில். இவர்களை வைத்துக்கொண்டு, 'உங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும்' என்று எந்த வாயால் சொல்வேன்? பெற்ற பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சா அது?

"முடியல, அவ்வளவுதான்."

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் புது ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"நானும் சேர்ந்துட்டேன்! கூட ஆள் இல்லாம செய்யுறதுதான் உனக்குக் கஷ்டம், இப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பிள்ளைங்கள அம்மா பாத்துப்பாங்க. நாளையிலேர்ந்து நான் உன் துணைக்கு இருக்கேன்."

எழுந்து போய் எல்லோருக்கும் தட்டு எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை வேலை விட்டு ஜிம்முக்குப் போனால், எனக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறார். பயிற்சி தரும் பெண் என் காதோடு, "குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்துப் பக்கத்து மெஷினில் நடக்க ஆரம்பித்தோம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா," என்றார், வியர்வை கண்ணில் இறங்க. "என் துண்டு எங்க?"

மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினேன். துண்டு என் பையில்தான் இருந்தது. அவர் சொல்லவே இல்லை. காலையில் நானாகத்தான் மடித்து எடுத்து வைத்திருந்தேன்.