முதல் வைத்தியர்

வலயக் கல்வி அலுவலகத்தார் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. முல்லைத்தீவு நகருக்கு வெளியே, கலைப்பிரிவு மட்டுமே நடந்துவந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடைக்குமா என்பது இன்று தெரிந்துவிடும். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த மாணவி நிதர்சனா அதில் சேர்ந்தால்தான் தங்கள் பிள்ளைகளையும் விடுவோம் என்று மற்றப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். வாசலில் அவளுடைய படத்தோடு, 'எமது முதல் வைத்தியர்' என்று பதாகை கட்டியாயிற்று. கட்ட முன் அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டொக்டர் அம்மா, எங்களுக்கு ஊசி ஓசியாத்தானே?" என்று வகுப்புத் தோழன் றஜித் பகிடி விட்டான். "நீ நிண்டா நானும் நிப்பன். இல்லாட்டி வவுனியாவுக்குப் படிக்கப் போயிடுவன்."

அப்பா அருளப்பு கடலுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டையோடு மண்டபத்தின் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அவர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நிதர்சனா வேறு பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

இரசாயனவியல் ஆசிரியை அஸ்மியா அவளுடைய கையைப் பிடித்தார். "பயப்பிடாத பிள்ளை. வாறவை கேட்டா, உயிரியல்தான் எண்டு சொன்னாப் போதும்."

வாசலில் வாகனம் வந்து நின்றது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டார்.

"மிஸ்," என்றாள் நிதர்சனா, அப்பாவுக்கும் கேட்கும்படியாக. "எனக்கு டொக்டராக விருப்பமில்லை. நான் கலைப்பிரிவில வரலாறு படிக்கப் போறன்."