கொசுவின் வயிற்றில் தோற்ற கிருமி

ஆய்வாளர் அசித்தான் கெய்ட்டா நம்பியிருந்த மருந்தை பமாக்கோ நகர ஆய்வகத்தில் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். மனித ரத்தத்தில் வளரும் மலேரியாக் கிருமியை அது ஒன்றுமே செய்யவில்லை. அந்தக் கிருமி சர்க்கரையை அள்ளி விழுங்கி, அரைகுறையாகச் செரித்துத் துப்பியே பெருகிக்கொண்டிருந்தது. மருந்து அடைப்பதோ, சர்க்கரையை முழுதாக எரித்துச் சக்தி எடுக்கும் உள்ளுலையை. ரத்தத்தில் இருக்கும்வரை கிருமிக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

ஆனால் கொசுவின் வயிற்றில் அவ்வளவு சர்க்கரை ஏது? அங்கே அந்த உலை எரிந்தாக வேண்டும். இந்த எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. கொசுவுக்குள் போகத் தயாரான கிருமிகளோடு மருந்தையும் கலந்து ஒரு கூண்டுக் கொசுக்களுக்கு ரத்தம் கொடுத்தாள். இன்னொரு கூண்டுக்கு அதே கிருமிகளோடு, மருந்தில்லாத ரத்தம்.

ஒரு வாரத்துக்கு மேல் காத்திருந்து, வயிறுகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க உட்கார்ந்தாள். கொசுக்களை வளர்க்கும் சுமானா கூலிபாலி இரண்டு கூண்டுகளையும் எடுத்து வந்தான். கெய்ட்டா குலத்தாரும் கூலிபாலி குலத்தாரும் 'காராமணி தின்னி', 'அடிமை' என்று ஒருவரையொருவர் விளையாட்டாக வாரிக்கொள்வது ஊரறிந்த உரிமை.

"என்னடி காராமணி தின்னி, செத்த மருந்துக்கு உயிர் குடுக்கப் பாக்கறியா?"

"நீ என் அடிமைடா. பேசாம கூண்ட வை."

முதலில் மருந்தில்லாத கொசு. குடல் வெறுமையாக இருந்தது. கிருமி இதிலேயே பிடிக்கவில்லையென்றால் மொத்தச் சோதனையும் வீண்.

"இன்னொண்ணு எடு," என்றான் சுமானா. இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

அடுத்ததில் வட்ட வட்டமாகக் கிருமிக் கட்டிகள், குடல் சுவர் முழுக்க. அதற்கடுத்ததிலும் அப்படியே.

பிறகு மருந்துக் கூண்டு. ஒரு குடல் சுத்தம். இன்னொன்றும் சுத்தம். மற்றொன்றும்.

"டேய், இதுங்க ரத்தம் குடிச்சுதா இல்லையா?"

"வயிறு செவந்ததா பாத்துதானே நானே பொறுக்கி வெச்சேன்!"

"அப்ப நீயே வந்து பாரு. என் கண்ண என்னால நம்ப முடியல."

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "ஒண்ணுமே இல்ல, அசித்தான். இந்தக் கொசு யாரக் கடிச்சாலும் காய்ச்சல் வராது."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் எத்தனையோ சோதனை பாக்கி. இருந்தாலும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அப்போதுதான் பசி தெரிந்தது. காலையில் கொண்டுவந்த, வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே வழித்துச் சாப்பிட்டாள்.