தராசு நகர்ந்த வருடம்

10 ஜூன் 2025, செவ்வாய். இன்று கண்டுபிடித்த தவறு: முந்தின வருடம் வீணான தாளை எடை போட்டதில், ஒரே தாள்கட்டை நாலைந்து தடவை போட்டிருக்கிறேன். சின்னத் தவறு.

ஈஜிபுராவில் மாலை வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ரூபினி இதை எழுதினாள். எழுதிவிட்டு, 'சின்ன' என்பதை மட்டும் அடித்தாள். சுற்றுச்சூழல் கணக்கு சொல்லித்தரும் வகுப்பு அது. தினம் ஒரு தவறை எழுதுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் மூன்றாம் நாளோடு விட்டுவிட்டார்கள். ரூபினிக்குத் தவறுகளில் தட்டுப்பாடே வந்ததில்லை.

ஹெப்பகோடியில் அட்டைப்பெட்டியும் சில கம்பெனிகளின் ரிப்போர்ட்டும் அச்சடிக்கும் அச்சகத்தில் அவளுக்கு வேலை. மின்சாரம், டீசல், வீணாகும் தாள் மூன்றையும் அளந்து, அச்சகம் எவ்வளவு கார்பன் வெளியேற்றுகிறது என்று கணக்குச் சொல்வது அவள் பொறுப்பு. பெரிய வாடிக்கையாளரான சோப்புக் கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது: ஒரு வருடத்தில் பதினைந்து சதவீதமாவது குறைய வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர்கள் வேறு அச்சகத்துக்குப் போகும். ரூபினியின் கணக்கில் பதினெட்டு குறைந்திருந்தது. முதலாளி ஆஞ்சலா கேக் வெட்டி, '18% குறைத்தோம்' என்று போஸ்டரும் அடித்து ஒட்டிவிட்டார்.

செவ்வாய் மதியம்தான் ரூபினி தற்செயலாக மெஷின் பக்கத்தில் கிடந்த ஒரு வீணான தாளைப் பார்த்தாள். ஊதுபத்திப் பிள்ளையார் மேல் சோப்பு, சோப்பின் மேல் இருமல் மருந்து. மூன்று பெட்டிகளின் படம் ஒரே தாளில்.

"இது என்னண்ணா?"

"கலர் செட் ஆகுற வரைக்கும் நல்ல பேப்பரையா ஓட்டுவாங்க, கார்பன் மேடம்?" என்றான் மெஷின் ஓட்டும் முனிகிருஷ்ணன். "வேஸ்ட்டையே திரும்பத் திரும்ப விடுவேன். பிள்ளையாரு மூஞ்சி தெரியாம போனாத்தான் வெளிய தள்ளுவேன்."

ரூபினி எடைக் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினாள். 2024 மார்ச் வரை தராசு மெஷின் பக்கத்தில் இருந்தது. ஷிப்ட் முடியும்போதெல்லாம் அங்கே கிடந்த தாள்கட்டை, மறுபடி மெஷினில் ஓடப்போவது என்று தெரியாமல், எடை போட்டாள். ஏப்ரலில், புதுக் கணக்கு வருடம் தொடங்கும்போது, தராசை வாசல் கேட் பக்கம் நகர்த்தினார்கள். அதன்பின் கட்டு வெளியே போகும்போது ஒரு தடவைதான் எடை. அதிகமாகக் குறைந்தது கார்பன் அல்ல. எடை போட்ட தடவைகள். மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் ஆறு சதவீதம்தான் வந்தது.

புதன் மதியம் ஆஞ்சலாவின் அறைக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஆஞ்சலா சன்னல் வழியே போஸ்டரைப் பார்த்தார்.

"போஸ்டர்ல 18-ல அந்த 1-ஐச் சுரண்டிட்டா போதுமா மா?"

"அப்பவும் ரெண்டு அதிகம் மேடம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"முனியண்ணாவுக்கு. அப்புறம்... டைரில எழுதிட்டேன்."

"எழுதியே வச்சிட்டியா?" ஆஞ்சலா தலையில் கை வைத்தார். பிறகு சோப்புக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "உக்காரு. நீ நிக்கிறதைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு."

சோப்புக் கம்பெனியின் ஹரிஷ்குமார் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஐயோ மேடம், பதினெட்டுன்னு எங்க வருஷ ரிப்போர்ட்ல போட்டாச்சே!" என்றார்.

"பிரிண்டுக்குப் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை அனுப்புறோம்."

"யாருக்கு?"

"...உங்களுக்குத்தான் மேடம்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் ஹரிஷ்குமார் கம்பெனி விதியைத்தான் சொன்னார். ரிப்போர்ட்டில் ஆறு என்று திருத்திக்கொள்ளலாம். புது ஆர்டர் ஆறு மாதத்துக்குக் கிடையாது. பழைய ஆர்டர் நிலைக்க வேண்டுமானால், மீதி ஒன்பதை எப்படிக் குறைப்பீர்கள் என்று பதினைந்து நாளில் எழுதித் தர வேண்டும்.

"என்னாலதான் மேடம்," என்றாள் ரூபினி.

"ஆமா, உன்னாலதான். வா, குறைக்க என்ன இருக்குன்னு பாப்போம்."

மெஷின் கூடத்துக்கு அவர்கள் போனபோது சாப்பாட்டு இடைவேளை. எல்லா மெஷினும் நின்றிருந்தன. முனிகிருஷ்ணன் டிபன் மூடியைக் கீழே வைத்துவிட்டு விரலை மேலே காட்டினான். "கேளுங்க."

கூரையோரம் போகும் காற்றுக் குழாயிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், விடாமல். மூலையில், மெஷின்களுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் தானாகவே ஓடத் தொடங்கியது.

"ஒரு மெஷினும் ஓடல. அது யாருக்காக ஓடுது? காத்து லீக் ஆகுது மேடம், அதை ரொப்பத்தான் நாள் பூரா கரன்ட் குடிக்குது."

"ஏன்பா, இதை இத்தனை நாளா சொல்லவே இல்ல?"

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க போன்ல இருந்தீங்க."

ஆஞ்சலா போனை அணைத்துப் பைக்குள் போட்டார். ரூபினி கம்ப்ரஸரின் மீட்டரைப் பார்த்துக் குறித்தாள். சந்தேகம் வந்து மறுபடி பார்த்தாள். இடைவேளை முடிவதற்குள் கம்ப்ரஸர் நான்கு தடவை ஓடி நின்றது. ஒன்பது முழுவதும் இதிலேயே கிடைத்துவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நேற்று மதியத்துக்குப் பின் முதல் முறையாகப் பசித்தது. முனிகிருஷ்ணனின் டப்பாவிலிருந்து ஒரு கை சித்ரான்னம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

11 ஜூன், புதன். இன்றைய தவறு: கம்ப்ரஸர் ஓடிய நேரத்தை முதல் தடவை குறிக்கவில்லை, மூன்று தடவைக்குத்தான் கணக்கு இருக்கிறது. நாளை: இடைவேளையில் மெஷின்கள் நின்றதும் ஏணி, பிரஷ், சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, காற்றுக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்து, நுரை வரும் இடத்தில் சாக்பீஸால் எண் போட வேண்டும்.