பௌர்ணமியன்று தண்ணீர் குடிப்பது

பௌர்ணமியன்று நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. விரதம் என்று நினைத்துவிடாதீர்கள். கிரிவலப் பாதையில் குப்பை அள்ளும் எங்கள் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் இதுதான் வழக்கம். கீழ்பென்னாத்தூரில் வேன் ஏறும்போதே வாயைக் கட்டிக்கொள்வோம். குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது.

இடம் கிடையாது என்பதும் பொய்தான். அடி அண்ணாமலை தாண்டியதும் பக்தர்களுக்காக வண்டியில் கொண்டுவந்து இறக்கிய கழிப்பறைகள் வரிசையாக நிற்கும். அவற்றைத் தேய்த்துக் கழுவுவது யார்? நாங்கள். பினாயில் ஊற்றுவது யார்? நாங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் எங்களுக்கு அனுமதி இல்லை. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மணிவேல் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டான்.

"நீங்கல்லாம் அந்தாண்ட முள்ளு மறைவுக்குப் போயிக்கோங்க. இது பக்தருங்க வர எடம். உங்க ஆளுங்க போய் வந்த எடத்துல அவங்க கால் வைப்பாங்களா?"

எங்களில் ஆராயி அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அடக்கிக்கொள்ள அவளால் ஆகாது. போன பௌர்ணமி சாயங்காலம் முள் மறைவு வரைக்கும் கடை போட்டுவிட்டார்கள். அக்கா கழிப்பறை வாசலில் நின்று மணிவேலைக் கெஞ்சினாள். அவனுக்கு அவள் பிள்ளை வயதுதான் இருக்கும்.

"ஒரே ஒரு தபா விடுப்பா. முடியல."

"உன்ன வுட்டா எல்லாரும் வருவீங்க. போ, போ."

திரும்பி நடந்தவள் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். புடவை நனைந்து காலடியில் ஈரம் பரவியது. நமச்சிவாயம் சொல்லிக்கொண்டு வந்த சனம் அவளைச் சுற்றி விலகி நடந்தது. ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

திரும்பும்போது வேனில் சொன்னாள். "இனிமே இந்தப் பாதையில கால் வைக்கமாட்டேன் மணிமொழி. எந்த மூஞ்ச வெச்சிக்கினு வருவேன்?"

புருஷன் இல்லாதவள். இந்த வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

"வருவக்கா. தலைய நிமித்திக்கினு வருவ. அதுக்கு நானாச்சு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது.

இந்தப் பௌர்ணமிக்கு அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வேனில் ஏற்றினேன். மத்தியானம் கழிப்பறைகளைக் கழுவ வேண்டிய நேரத்தில் துடைப்பங்களைக் கீழே போட்டுவிட்டு எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்தோம். கழுவாமல் பக்தர்களுக்குப் பூட்டைத் திறந்துவிட முடியாது. மணிவேல் பைக்கில் பறந்து வந்தான். கையில் ஜவுளிக்கடை கவர்.

"இந்தா ஆராயி, புதுப் பொடவ. நடந்தத மறந்துட்டு எழுந்து வேலயப் பாரு."

புடவை நனைந்ததுதான் அவளுக்குக் குறை என்று நினைத்திருக்கிறான் பாவி! அக்கா கையை நீட்டவில்லை.

"பொடவ எங்க வூட்டுலயே கீதுங்க. எங்களுக்கும் கதவத் தொறங்க, அது போதும்" என்றேன்.

"ஒரு போன் போட்டா வேற ஆளுங்க வந்து எறங்குவாங்க, தெரியுமில்ல?"

"வரட்டுமே. அவங்க மட்டும் மூத்திரம் போவாத ஜாதியா?"

பெண்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது. "உனக்கு வாய் ஜாஸ்தி."

"ஜாஸ்திதான். அந்த வாயக் கட்டித்தான் இத்தினி மாசம் தண்ணி குடிக்காம கெடந்தோம்."

அதற்குள் பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. பூட்டிய கதவுகளுக்கு முன்னால் கிரிவலம் வந்த பெண்கள் வரிசை கட்டி, எப்போது திறப்பீர்கள் என்று அவனையே பிடுங்கினார்கள். அவன் தள்ளிப் போய்ப் போனில் யாரிடமோ குசுகுசுத்துவிட்டு வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். கடைசியா இருக்கறத உங்களுக்குன்னு ஒதுக்கிடறேன். பின்பக்கமா போய்ட்டு வந்துடுங்க, யாருக்கும் தெரியாது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி என் கையைக் கிள்ளினாள். "ஒத்துக்கடி. இதுவே பெருசு." உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு மட்டும் இல்லையா? சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதுவரை தலை குனிந்திருந்த ஆராயி அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குத் தனியா வேணாம்பா. அன்னிக்கு எல்லார் கண்ணு முன்னால நிக்க வெச்சியே, இன்னிக்கும் எல்லார் கண்ணு முன்னாலயே போறேன். இதே வரிசையில நின்னுதான் போவேன். முடியாதுன்னா உன் வேலைய நீயே வெச்சுக்கோ."

எடுத்த வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். கஸ்தூரியும் வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

மணிவேல் எங்களைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். "இன்னாவோ பண்ணித் தொலைங்க. யாராவது சண்டைக்கு வந்தா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் பூட்டுகளைத் திறந்தான்.

கழுவினோம். பளிச்சென்று கழுவினோம். வரிசை நகர ஆரம்பித்தது. ஆராயி அக்கா துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு, புடவை மேல் போட்டிருந்த துப்புரவு வேலையின் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண் கோட்டைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். அக்கா அசையவில்லை. அவளுக்கும் முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, "வேல செய்யறவங்க, அவசரம்னா மொதல்ல போயிடுங்கம்மா" என்றாள்.

"இருக்கட்டும்மா. என் முறை வரட்டும்" என்றாள் அக்கா.

மணிவேல் புடவைக் கவரோடு பைக் அருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அக்காவின் முறை வந்தது. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கஸ்தூரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அழவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

வெளியே வந்து, குழாயில் கை கழுவி, நேராக என்னிடம் வந்தாள்.

"தண்ணி பாட்டில் எங்கடி?"

கொடுத்தேன். அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய, மொத்தத்தையும் குடித்தாள். காலி பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி இன்னும் கீதா?" என்று கேட்டாள்.