ஐம்பத்திரண்டு வருஷக் காய்ச்சல்

மாமியின் தலையை இடது கையில் ஏந்தி, காதுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த நரையை அஞ்சலினா வெட்டிக்கொண்டிருந்தபோது, ஹெக்டர் கதவைத் தட்டாமலே அறைக்குள் வந்தார். கையிலிருந்த பேன்சிக் கடைப் பையைக் கட்டிலில், செத்துப்போன தன் தங்கச்சியின் காலடியில் கவிழ்த்தார். நுனியில் வெள்ளை ரிப்பன் கட்டிய கன்னங்கரிய சவரிப் பின்னல் ஒன்று வழுக்கி விழுந்தது.

"இதை வைச்சுக் கட்டிவிடு. நாலு மணிக்குப் பூசை."

"அப்பா, மாமிக்கு எழுபத்தொரு வயது. இது கறுப்பு."

"வெள்ளையில இல்லையாம். முக்காட்டுக்குள்ள ஆருக்குத் தெரியப்போகுது?"

கலியாணம் கட்டாமல் கண்மூடிய பெண்ணைக் கலியாணப் பெண்ணாகவே பெட்டியில் வைப்பது அந்தத் துறைமுகத் தெருக் கத்தோலிக்கரின் வழக்கம். வெள்ளைச் சேலை, வலை முக்காடு, காகிதப் பூக் கிரீடம். இருபதில் போனாலும் எழுபதில் போனாலும் விதிவிலக்கில்லை. மாமி மரியமலர் போன மாதம் மருமகள் அஞ்சலினாவின் பார்லர் கதிரையில் இருந்துகொண்டு இதற்கும் ஓர் உத்தரவு போட்டிருந்தார். "சேலை வெள்ளையாவே இருக்கட்டும், எனக்கு எடுப்பாத்தான் இருக்கும். தலையில மட்டும் ஒண்டும் வைக்கவிடாதை. இது நானா வெட்டினது."

பார்லரில் புதுக் கத்தரிக்கோல்கள் நாலு இருந்தன. மாமி அவற்றைத் தொடவிட்டதில்லை. பிடியில் சீலைத்துண்டு சுற்றிய ஒரு பழைய தையல் கத்தரிக்கோலை வீட்டிலிருந்து கொண்டுவருவார். இப்போதும் அஞ்சலினாவின் கையில் இருந்தது அதுதான்.

ஹெக்டர் ஊருக்குச் சொல்லிவந்த கதை வேறு. பத்தொன்பது வயதில் தங்கச்சிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்ததாம், தலைமுடி கொட்டிப்போனதாம், அதனால்தான் கந்தளாய் சீனி ஆலையில் கிளாக்கராக இருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்களாம். காய்ச்சல் விட்டு ஐம்பத்திரண்டு வருஷம். முடி மட்டும் இன்னும் வளர்ந்தபாடில்லை. தெருவில் ஒருவரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் முகத்துக்கு முன் கேட்டுவிட்டால் முதுகுக்குப் பின் கதைக்க என்ன மிஞ்சும்?

மரியமலர் மறைக்கல்வி வகுப்பில் சொன்ன கதை அதைவிட ருசியானது. சியென்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாள் கலியாணம் வேண்டாமென்று தன் தலைமுடியைத் தானே வெட்டியவர். "தண்டனையா அவவைக் குசினிக்குள்ள சமைக்க விட்டவை பிள்ளையள். என்னையும்தான். குசினிக்குள்ள ஆர் வந்து எட்டிப்பாக்கிறது? நான் புத்தகமெல்லாம் வாசிச்சது அங்கதான்." கன்னியர் மடத்துக்கு ஓடிப்போன அசிசி கிளாரம்மாளை இழுத்துப்போக வந்த சித்தப்பனுக்கு அவர் பீடத் துணியைப் பிடித்துக்கொண்டு மொட்டைத் தலையைக் காட்டிய கட்டத்தை, மாமி மேசைவிரிப்பைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டுவார். அந்தக் காலத்துப் பங்குத்தந்தை கூப்பிட்டு, கீழ்ப்படிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லலாமே டீச்சர் என்றாராம்.

"கீழ்ப்படிஞ்ச ஆக்களுக்கு ஆர், ஃபாதர், கோயில்ல சுருவம் செஞ்சு வைச்சவை?" என்றாராம் மாமி.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார்.

"இந்தப் பின்னலை நான் கட்டமாட்டன், அப்பா," என்றாள் அஞ்சலினா.

"அப்ப தள்ளு."

அவரே கட்டினார். அரை றாத்தல் கொண்டையூசி குத்தியும் கோணலாய்த்தான் நின்றது. மேலே முக்காடு, அதன்மேல் கிரீடம். பெட்டியை முன் ஹோலுக்குத் தூக்கிப்போனபோது அஞ்சலினா பின்னாலேயே போனாள். இப்படியே பெட்டி மூடினால் மாமி என்றென்றைக்கும் காய்ச்சல்காரிதான்.

ஃபாதர் வந்தார், இளம் ஆள், பங்குக்குப் புதியவர். ஹெக்டர் பூசையில் வாசிக்கச் சொல்லி ஒரு தாளை அவரிடம் நீட்டி, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தானே வாசித்தும் காட்டினார். "கொடிய நோயினால் இல்லறத்தை இழந்து, அண்ணனின் நிழலில் அடக்கத்தோடு கீழ்ப்படிந்து வாழ்ந்த லீலி மலர்..."

கத்தரீனம்மாளின் சீவிய சரித்திரத்தையும் ஒரு ஆண் குருதான் எழுதினார் என்று மாமி சொல்வது அஞ்சலினாவுக்கு ஞாபகம் வந்தது. "ஆனா அவ கெட்டிக்காரி. ஆண்பிள்ளையா நடவுங்கோ எண்டு பாப்பரசருக்கே கடிதம் எழுதி வைச்சிட்டுத்தான் செத்தவ."

அந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வாசலில் மலர்வளையத்தை மென்றுகொண்டிருந்தது; அதைக் குடையால் விரட்டிவிட்டு, கிண்ணியா பஸ்ஸில் வந்திறங்கிய சுஹைரா உள்ளே வந்தார். தன் கலியாணத்துக்கு முதல் பக்கத்து வீட்டில் இருந்தவர், மரியமலரின் வயதுதான். கண்களைத் துடைத்துக்கொண்டு, கூட்டாளியின் முகத்தைச் சரியாய்ப் பார்க்க முக்காட்டை ஒதுக்கினார். பின்னல் கழன்று கையோடு வந்தது.

"யா அல்லாஹ்! இது ஆரிட மயிர்?"

ஹோலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"காய்ச்சல்ல கொட்டினதுதானே சுஹைரா, அதுதான்..." என்று ஹெக்டர் இழுத்தார்.

"என்ன காய்ச்சல்? என்ட உம்மாட தையல் மெஷினடியில குந்தி, என்ட கத்தரிக்கோலால மலர் தானா வெட்டின. கீழ கிடந்த முடியக் கூட்டி அள்ளினது நான். காய்ச்சல் வந்தது உங்களுக்கு, ஹெக்டர் அண்ணன். மூணு நாள் சோறு தின்னாமப் படுத்துக் கிடந்தீங்க!"

வெளியே பந்தலுக்குள் ஆரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

அஞ்சலினா அறைக்குள் போய் அந்தப் பழைய கத்தரிக்கோலோடு வந்தாள். "இதுவா, சுஹைரா மாமி?"

சுஹைரா பிடியின் சீலைத்துண்டைத் தடவிப் பார்த்தார். "இதேதான். திருப்பித் தா எண்டு எத்தின தரம் கேட்டிருப்பன். இன்னும் தேவை இரிக்கி எண்டுவா, கள்ளி."

அஞ்சலினா கிரீடத்தைக் கழற்றினாள். ஊசிகளை ஒவ்வொன்றாய் உருவினாள். முக்காட்டை மடித்து யன்னல் விளிம்பில் வைத்தாள்.

"மூடு தலையை! ஊர் பாக்குது!"

"பாக்கட்டும் அப்பா. மூட ஏலாது."

கட்டை நரையை விரல்களால் கோதிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "ஃபாதர், அந்தத் தாளைத் தாங்கோ. கோயில்ல நான் வாசிக்கிறன்," என்றாள்.

ஃபாதர் ஹெக்டரைப் பார்த்தார். பெட்டிக்குள் பார்த்தார். தாளை நீட்டினார்.

அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாய் இருந்தது. "ஆரிட்டயாவது பேனை இருக்கா?"

மூன்று பெண்கள் கைப்பையைத் திறந்தார்கள்.

நாலு மணிக்கு ஊர்வலம் கடற்கரை வீதியால் கோயிலுக்குத் திரும்பியது. முன்னால் பெட்டி. பின்னால் ஹெக்டர், தெருவைப் பார்க்காமல் நடந்தார். அந்தப் பின்னலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பையோடு கையில் எடுத்து வந்திருந்தார். பையின் வாயால் நுனி வெளியே வந்து, வெள்ளை ரிப்பன் அவர் முழங்காலில் தட்டித் தட்டி ஆடியது.

பக்கத்தில் நடந்த அஞ்சலினா அதைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, தான் எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்துப் பார்த்தாள்.